லுக்கா நகரின் மதில்மேல் ஒரு சைக்கிள் உலா

லுக்கா என்னும் பெயர் செவியில் விழுந்த மாத்திரத்தில், நம் கல்லூரி அன்பருட் பலர்க்கு மூன்றாம் சுவிசேஷத்தை எழுதிய வைத்தியர் நினைவிற்கு வருவர். அவர்க்கும் ஈண்டுக் கூறப்புகும் நகர்க்கும் யாதொரு தொடர்பும் இல்லை. சுவிசேஷகர் பெயரின் முதலெழுத்து நெடில். நகரின் பெயர்க்கு முதலெழுத்துக் குறில். இத்தாலியில் தஸ்கனி நாட்டில், பீசாவிற்கு வடகிழக்கே, செர்க்கியோ என்னும் ஆற்றின் அருகே இந்நகர் உளது. சதுப்புநிலம் எனப் பொருள்படும் ஒரு பழஞ்சொல்லினின்று இப்பெயர் பிறந்ததென்பது சொல்லாராய்ச்சியாளருள் ஒரு சாரார் கொள்கை. அஃது உறுதிப்படாததாயினும், நீருக்கும் இவ்வூருக்கும் இடையேயுள்ள பழம்பகையை அறிந்தோர்க்குப் பொருத்தமாகவே தோன்றும்.

கி.மு. 180இல் உரோமர் இங்குத் தம் குடிகளை நிறுவினர். கி.மு. 56இல் சீசர், பொம்பேயு, கிராசு என்னும் மூவரும் இவ்வூரிற் கூடித் தம்முள் உடன்படிக்கையைப் புதுப்பித்தனர். இடைக்காலத்தில் பட்டு நெசவினாற் செல்வம் பெருகிற்று. 1369 முதல் 1799 வரை, இடையே ஒரு குடும்பத்தின் தனியாட்சி நிகழ்ந்த முப்பது ஆண்டுகள் நீங்கலாக, இது தன்னைத்தானே ஆண்ட சிறு குடியரசு. இவ்வளவு அறிந்துகொண்டு மதில்மேல் ஏறுதல் போதும்.

சென்ற கோடை விடுமுறையில் என் தமையனாருடன் அந்நகர்க்குச் செல்லும் வாய்ப்பு நேர்ந்தது. வடக்கேயுள்ள சாந்தா மரியா வாயிலின் உட்புறத்தே சைக்கிள்கள் வாடகைக்குக் கிடைக்கின்றன. வழிகாட்டியாகிய அம்மையார் ஒருவர் முன்செல்ல, நாங்கள் எழுவர் ஒருவர்பின் ஒருவராய் ஊர்ந்து, இரண்டு மணி நேரத்தில் மதிலையும் ஊரையும் சுற்றிவந்தோம். இரண்டு மணி நேரத்தில் ஒரு நகரை அறிந்துவிட்டோம் என்று எவரும் சொல்லத் துணியார். ஆயினும் லுக்காவைப் பொறுத்தவரை, வேறெவ்வாற்றானும் எளிதிற் கிட்டாத ஒரு பயன் இவ்வுலாவில் உண்டு. மதிலின் சுற்றளவு ஏறத்தாழ 4 கிலோமீட்டர் 200 மீட்டர். நடந்து சுற்றினால் ஒரு மணி நேரம் அதற்கே கழியும். சைக்கிளில் அரைமணியிற் சுற்றலாம். அதனால் கிழக்கே கண்டது மறக்குமுன் மேற்கே கண்டதனோடு அதனை ஒப்புநோக்குதல் இயலும். நகர் முழுவதும் ஒரே வடிவாக மனத்தில் அமைகின்றது.

மதில் என்றவுடன் நாம் நினைப்பது வானளாவிய கற்சுவர். இஃது அவ்வாறன்று. இதன் உயரம் ஏறத்தாழ 12 மீட்டரே. அடியில் அகலமோ ஏறத்தாழ 30 மீட்டர். வெளிமுகம் செங்கல், உள்ளே மண். திருவள்ளுவர் அரண் என்னும் அதிகாரத்தில் உயரத்தையும் அகலத்தையும் மதிலின் இயல்புகளாக ஒருங்கே எண்ணினார். பீரங்கி தோன்றிய பின்னர் உயர்ந்த சுவர் பகைவர்க்கு எளிய இலக்காயிற்று. குண்டு பட்டால் சரிந்து அகழியைத் தானே தூர்க்கும். ஆதலின் 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியப் பொறியியலார் உயரத்தைக் குறைத்து அகலத்தைப் பெருக்கினர். மதிலின் இடையிடையே பதினொரு கொத்தளங்கள் அம்புமுனை போலவும் இதழ் போலவும் வெளியே நீண்டுள்ளன. ஒரு கொத்தளத்தில் நிற்பவன் அடுத்த கொத்தளத்தின் அடிவாரம் வரை காணலாம். பகைவன் பதுங்குதற்கு நிழலிடம் இல்லை. வழிகாட்டி எங்களை ஒரு கொத்தளத்தின் விளிம்பில் நிறுத்தி இதனைக் காட்டியபோதுதான், ஏட்டிற் படித்தபொழுது விளங்காத கணக்கு விளங்கிற்று. கொத்தளங்களினுள்ளே வெடிமருந்தும் வீரரும் இருந்த நிலவறைகளும், வெளியே செல்லும் சுருங்கை வழிகளும் உள. கோடைநாளிலும் அவற்றினுள் குளிர்ச்சி.

இம்மதிலைக் கட்டத் தீர்மானித்தது 1504இல். முற்றுப்பெற்றது 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு ஒரு சிறு குடியரசு தன் பொருளையும் உழைப்பையும் இதிற் கொட்டிற்று. பீரங்கிக்கு எதிர்வெளி வேண்டுமென்று நகர்ப்புறத்தே இருந்த வீடுகளையும் மரங்களையும் அகற்றினர். அவ்வெளி இன்றும் பசும்புற்றரையாய் நகரைச் சூழ்ந்திருக்கின்றது. அஞ்சியது பிளாரன்ஸ் நகரை. பிளாரன்ஸ் வரவில்லை. வேறெவரும் முற்றுகையிடவில்லை. 1799இல் பிரெஞ்சுப் படை வந்து குடியரசு வீழ்ந்தபோதும் மதில் பொருததில்லை. 1805இல் நெப்போலியன் இந்நகரைத் தன் தங்கை எலிசாவிற்குக் கொடுத்தான்.

அங்ஙனமாயின் அச்செலவெல்லாம் வீண்தானோ என்ற வினா எங்களுள் எழுந்தது. அணுகவியலாத அரண் என்பதை அறிந்தே பகைவர் அணுகவில்லை என்பது வழிகாட்டியின் விடை. அது மெய்யாயிருக்கலாம்; ஆனால் வராத பகைவன் ஏன் வரவில்லை என்பதை மெய்ப்பிக்க இயலாது. இவ்விடையினும் வலியது அவர் அடுத்துக் கூறிய நிகழ்ச்சி.

1812ஆம் ஆண்டு நவம்பரிற் செர்க்கியோ ஆறு கரைகடந்து பெருகிற்று. சூழ்ந்த வயல்வெளி யாவும் நீரில் மூழ்கியது. நகரத்தார் வாயிற்கதவுகளை அடைத்து, இடுக்குகளில் மெத்தைகளையும் வைக்கோலையும் திணித்தனர். குண்டுகளை ஏற்பதற்கெனக் கட்டப்பட்ட மண்ணரண் வெள்ளத்தை ஏற்று நின்றது, நகர் பிழைத்தது. அப்போது வெளியே இருந்த எலிசாவிற்காகக் கதவைத் திறத்தல் கூடாமையின், அவளை மதிலின்மேல் பாரந்தூக்கியால் தூக்கி உள்ளே சேர்த்தனர் என்பது ஊரார் கூறும் கதை. கதையை நம்புவார் நம்புக. அவள் பெயர் தாங்கிய கீழைவாயில் இன்றும் உளது. அவ்வாயிலின் மேலாகவே எங்கள் சைக்கிள்கள் சென்றன.

மதிலின் தலைமேல் இருமருங்கும் மரவரிசை. பிளேன், லிண்டன், ஓக்கு எனப் பலவகை. மரம் வைக்கும் வழக்கம் படைக்காலத்திலேயே உண்டு: வேர்கள் மண்ணைப் பிணித்து நிற்கும், விறகும் கிடைக்கும். 19ஆம் நூற்றாண்டில் இஃது உலாவுமிடமாயிற்று. இப்போது குழந்தை வண்டிகளைத் தள்ளும் தாய்மாரும், முதியோரும், ஓடிப் பழகுவோரும், எம்மைப்போன்ற அயலாரும் நிறைந்த நெடுவீதி. மணியடிப்பதைக் கேட்டு எவரும் விரைந்து விலகுவதில்லை; மெல்லச் செல்பவர்க்கே இவ்விடம் உரியது. 1866இல் நகராண்மையினர் இம்மதிலை இத்தாலிய அரசினிடமிருந்து விலைகொடுத்து வாங்கினர். ஏறத்தாழ அதே காலத்தில், 1865இல் தலைநகரமாகிய பிளாரன்ஸ், தன் மதிலின் பெரும்பகுதியை இடித்துச் சாலையாக்கிற்று. அஞ்சப்பட்ட நகரின் மதில் போயிற்று. அஞ்சிய நகரின் மதில் நிற்கின்றது.

வடக்கே தொடங்கிக் கிழக்காகச் சென்றால் வலப்புறம் ஊரும் இடப்புறம் புல்வெளியும் அப்பால் மலைகளும் தோன்றும். கூரைகளுக்கிடையே ஒரு கோபுரம். அதன் உச்சியில் மரங்கள்! குவினீஜி குடும்பத்தாரின் கோபுரம் அது. ஏறத்தாழ 44 மீட்டர் உயரத்தில் ஓக்கு மரங்களை வைத்து வளர்த்த அச்செல்வர்தம் மனப்பாங்கு வியப்பையும் சிறிது நகைப்பையும் தருவது. தென்கிழக்கு மூலையில் 1820இல் நிறுவப்பெற்ற தாவரத் தோட்டம் கண்ணிற்படும். அதனைக் கடந்து, தேவாலயத்தின் மணிக்கூண்டு அருகே தோன்றியதும், சரிவு வழியே பிரேக்கை அழுத்தியவாறு ஊருக்குள் இறங்கினோம்.

இறங்கிய இடம் பரிசுத்த மார்ட்டினார் தேவாலயம். முகமண்டபத்தின் தூண் ஒன்றில் ஒரு வட்டச் சுழல்வழி செதுக்கப்பட்டுளது. தேதலன் கட்டியதும், தேசியு ஒருவனே ஒரு பெண்ணின் நூலிழையால் மீண்டு வந்ததுமாகிய கிரேத்தாத் தீவின் கதை அருகே இலத்தீனிற் பொறிக்கப்பட்டுளது. கிறித்தவக் கோயிலின் வாயிலில் கிரேக்கப் புராணம் இருப்பதைக் கண்டு மனம் சுளிப்பவர் நம்முள் இரார் என நம்புகிறேன்.

இங்கே சைக்கிளை விட்டிறங்கி உள்ளே செல்லாதவர் இவ்வுலாவின் உயிரான பகுதியை இழந்தவராவர். பல குழுக்கள் வெளியே நின்று முகப்பை மட்டும் பார்த்துச் செல்கின்றன. உள்ளே இலாரியா தெல் கர்ரெத்தோ என்னும் நங்கையின் கல்லறைச் சிற்பம் இருக்கின்றது. இவள், 1400 முதல் 1430 வரை நகரைத் தனியாண்ட பாவொலோ குவினீஜியின் மனைவி. 1405இல் மகப்பேற்றின்பின் இளவயதில் மறைந்தாள். யாக்கொப்போ தெல்லா குவெர்ச்சா என்னும் சிற்பி அவளைச் சலவைக்கல்லில் உறங்குவாள்போல் கிடத்தி, காலடியில் ஒரு சிறு நாயை அவள் முகம் நோக்கி அமைத்தான். அந்நாய் இன்னும் எழுப்பக் காத்திருக்கின்றது. எங்கள் எழுவரில் அதுவரை ஓயாது பேசிவந்த ஒருவரும் அவ்விடத்தில் வாய்திறக்கவில்லை.

அடுத்துச் சென்றது மிக்கேல் ஆலயம். உரோமர் மன்று இருந்த இடத்தில் அது நிற்கின்றது. அதன் முகப்பு, பின்னேயுள்ள கட்டடத்தினும் நெடிதுயர்ந்து, மேல்நிலைத் தூண்களுக்கிடையே வெறும் வானத்தைக் காட்டுகின்றது. அருகே, 1858இல் இவ்வூரிற் பிறந்த இசைப்புலவர் புச்சினி வெண்கல உருவாய் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அங்கு நின்று படமெடுத்தவர் பலர்.

உரோமரின் வட்டரங்கு இருந்த இடம் வேறு வகையாற் கற்பிப்பது. அரங்கின் கற்களைக் காலப்போக்கில் ஊரார் எடுத்துச் சென்றனர். எஞ்சிய வளைவுகளின்மேல் வீடுகள் எழுந்தன. 1830ஐ ஒட்டி லொரென்ஸோ நொட்டோலினி என்னும் கட்டடக்கலைஞர் நடுவேயிருந்த கட்டடங்களை அகற்ற, பழைய அரங்கின் முட்டை வடிவமே ஒரு வெளியாக மீண்டது. சுற்றியுள்ள வீடுகள் இன்றும் அவ்வளைவிலேயே நிற்கின்றன. தாழ்ந்த வாயில் ஒன்றின் வழியே புகுந்து வட்டமாக ஒருமுறை மெல்லச் சுற்றினால், சுவரெல்லாம் தம்முடன் சேர்ந்து திரும்புவதை உணரலாம். நடப்பவர்க்கு இவ்வுணர்வு இத்துணைத் தெளிவாகத் தோன்றாது.

இறுதியிற் கண்டது பிரெதியானோ ஆலயம். அதன் முகப்பில் பொன்மயமான வண்ணக்கற் சித்திரம். கிறிஸ்து பரமேறுதல் அதன் பொருள். இவ்வாலயத்திற்குப் பெயர் தந்தவர் 6ஆம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து வந்து இவ்வூர்க்கு மேற்றிராணியார் ஆனவர் என்பர். மகா கிரகோரியார் தம் உரையாடல் நூலில் அவரைப்பற்றி ஓர் அற்புதம் கூறுகிறார்: செர்க்கியோ வயல்களை அழித்து வந்தமையால், அவர் ஒரு சிறு வாரியை எடுத்து நிலத்தில் இழுத்துச் செல்ல, ஆறு தன் பழவழியை விட்டு அக்கோட்டின் வழியே சென்றது. 1812இல் மதில் எதிர்த்ததும் இதே ஆறுதான். ஆயிரத்திருநூறு ஆண்டுகளாக இவ்வூரின் மெய்யான பகைவன் யார் என்பதை, பொறியியலாரினும் அக்கதையைச் சொன்ன வேளாண்மக்கள் நன்கறிந்திருந்தனர் போலும்.

இவ்வாலயத்தைப்பற்றி வழிகாட்டி கூறாது விட்ட ஒன்றை நம் மாணவர்க்குச் சொல்லவேண்டும். 1541இல் பீற்றர் மார்ட்டர் வெர்மீலி என்பார் இங்கிருந்த துறவியர் மடத்திற்குத் தலைவராக வந்தார். இலத்தீன், கிரேக்கு, எபிரேயம் ஆகிய மொழிகளை வேதத்தோடு கற்பிக்கும் கல்விக்கூடம் ஒன்றை அமைத்தார். கற்றவர்க்குச் சீர்திருத்தக் கருத்துகளிற் பற்று வளர்ந்தது. ஓராண்டிற்குள், 1542இல், விசாரணைக்கு அஞ்சி அவர் ஆல்ப்ஸ் மலைக்கு அப்பால் ஓடினார். பின்னர் ஆக்ஸ்போர்டில் ஆசிரியரானார். அடுத்த ஆண்டுகளில் இந்நகரின் செல்வக்குடிகள் பல, வீடும் தொழிலும் நீத்து ஜெனீவா சேர்ந்தன. அங்ஙனம் சென்ற தியோதாத்தி குடும்பத்தில் ஜெனீவாவிற் பிறந்த ஜொவான்னி என்பவர், 1607இல் வேதாகமத்தை இத்தாலிய மொழியில் வெளியிட்டார். பகைவரைத் தடுக்க ஒருபுறம் மதில் எழுந்துகொண்டிருக்கையில், மறுபுறம் அதன் வாயில்களின் வழியே நகரின் நன்மக்கள் மனச்சாட்சியின் பொருட்டு வெளியேறிக்கொண்டிருந்தனர். தென்வாயிலில் சுதந்தரம் எனப் பொருள்படும் இலத்தீன் சொல் பொறித்திருக்கின்றது. அவ்வாயிலின் ஆண்டு 1565.

சைக்கிள்களைத் திருப்பிக் கொடுக்க இன்னும் கால்மணி இருந்தது. மற்றவர் குளிர்பானம் அருந்தச் செல்ல, நான் ஆலயத்தினுள் நுழைந்து 12ஆம் நூற்றாண்டின் ஞானஸ்நானத் தொட்டியைப் பார்த்தேன். வட்டமான கற்றொட்டி; அதன் புறத்தே மோசே இஸ்ரவேலரை நடத்திச் செல்கிறார். பின்தொடரும் பார்வோனின் வீரரைச் சிற்பி எகிப்தியராகச் செதுக்கவில்லை. தன் காலத்துப் போர்வீரராகவே, குதிரைமேல், இருப்பு வளையக் கவசம் அணிந்தவராகச் செதுக்கியிருக்கிறான். கவசத்தின் ஒவ்வொரு வளையமும் தெளிவாய் இருக்கின்றது. அவர்களுடைய குதிரைகளின் கால்களைச் சுற்றிக் கடல்நீர் அலையலையாக ஏறிக்கொண்டிருக்கின்றது.