கம்பிக்கு அவசரம் தெரியுமா?

1970-ஆம் ஆண்டு. இரணியலில் ஓர் இரவு ஒருவரைப் பாம்பு கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நாகர்கோவிலிலிருந்து வண்டி வரவழைக்க வேண்டும். ஊரில் தொலைபேசி உள்ள வீடுகளோ மிகச் சில. ஒரு வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பி, கருவியின் முன் நிற்கிறோம். அதில் எண் சுழற்றும் டயல் இல்லை. பக்கவாட்டில் ஒரு கைப்பிடி மட்டுமே இருக்கிறது. சிற்றூர்களில் அக்காலத்தில் இத்தகைய கருவிகள் வழக்கத்தில் இருந்தன.

கைப்பிடியைச் சுற்றினால் என்ன நிகழும்? உள்ளே லாட காந்தங்களின் நடுவே ஒரு கம்பிச்சுருள் சுழலும். 1831-இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலால் அதில் மாறுதிசை மின்னோட்டம் உண்டாகும். அது கம்பி வழியே இணைப்பகத்தை அடைந்து ஒரு மின்காந்தத்தை இயக்கும். உடனே நம் எண்ணுக்குரிய சிறு மூடி விழும். அதைக் கண்ட ஊழியர் செருகியைப் பொருத்தி, "எந்த எண் வேண்டும்?" என்று கேட்பார்.

இங்கேதான் சிக்கல். கல்யாணச் செய்தி சொல்லச் சுற்றினாலும் அந்த மூடி விழும். பாம்புக்கடிக்குச் சுற்றினாலும் அதே மூடிதான். வாயால் சொன்னால்தான் அவசரம் புரியும். வெளியூருக்குப் பேச 'அர்ஜென்ட்', 'லைட்னிங்' என்ற வகைகள் இருந்தன. லைட்னிங் அழைப்பு வரிசையை முந்தும்; கட்டணமோ சாதாரண அழைப்பைப்போல் எட்டு மடங்கு!

வரிசையில் காத்திருப்பதன் ஆபத்தை லண்டன் நகரம் 1935-இல் உணர்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றியது. அண்டை வீட்டுக்காரர் தொலைபேசியில் அழைத்தும் இணைப்பகத்தின் பதில் உடனே கிடைக்கவில்லை. ஐந்து பெண்கள் மாண்டனர். இதன் விளைவாக, 1937-இல் 999 என்ற எண் வந்தது. அதைச் சுழற்றினால் இணைப்பகத்தில் சிவப்பு விளக்கு எரியும்; ஒலிப்பானும் அலறும்.

சுழற்ற எளிதான 111 இருக்க, 999 எதற்கு? டயல் திரும்பி வரும்போது மின்சுற்றைத் துண்டித்துத் துண்டித்து இணைக்கும்: 1-க்கு ஒரு முறை, 9-க்கு ஒன்பது முறை, 0-க்குப் பத்து முறை. ஆனால் காற்றில் இரு கம்பிகள் தொட்டு விலகினாலும் இணைப்பகம் அதை '1' என்று எண்ணிவிடக்கூடும். நம் ஊர்க் காற்றில் தென்னையோலை கம்பியில் மோதுவதை நினைத்துப் பாருங்கள். யாரும் அழைக்காமலே ஒலிப்பான் அலறுமல்லவா?

நம் நாட்டில் காவல்துறைக்கு உரிய 100-ஐ எடுத்துக்கொள்வோம். 1 + 10 + 10 = 21 துண்டிப்புகள். நொடிக்குப் பத்து வீதம் இவற்றுக்கு மட்டும் 2.1 நொடி. காற்று இத்தனை ஒழுங்காக எண்ணாது!

தமிழ்நாட்டில் 2008 முதல் ஆம்புலன்சுக்கு 108 இருக்கிறது. காவல், தீயணைப்பு, மருத்துவம் மூன்றுக்கும் பொதுவாக இன்று 112 உள்ளது. பழைய டயலில் 112-க்கு எத்தனை துண்டிப்புகள்? நான்கே. ஆயினும் கைப்பேசியில் அந்தப் பயம் இல்லை. ஏன்? அது எண்ணைத் துண்டிப்புகளாக அல்ல, குறியீட்டுச் செய்தியாக அனுப்புகிறது.

ஒன்றை மறவாதீர்கள். 112 என்றதும் அவசரம் என்பது விளங்கிவிடும். நாம் முதலில் சொல்ல வேண்டியது இடம்: ஊர், தெரு, அருகிலுள்ள அடையாளம். வீட்டில் உள்ள சிறுவர்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.