ஆளில்லாத எக்ஸ்ரே அறை

எத்தாளை

அன்பு மகளுக்கு,

பேராதனையில் கதிர்ப்படவியல் படிக்க உனக்கு இடம் கிடைத்ததை உன் உம்மா இந்த ஊரில் சொல்லாத வீடு இல்லை. இருபத்தெட்டு வருசம் எக்ஸ்ரே அறையில் நின்றவன் என்பதால் என்னிடம் ஒரு கேள்வி கேட்டு எழுதியிருக்கிறாய். "கொரோனா நேரம் சனம் நிரம்பி வழிந்திருக்குமே மாமா, எப்படிச் சமாளித்தீர்கள்?"

நிரம்பி வழியவில்லை மகள். முதலில் காலியானது. அங்கேயிருந்து தொடங்கினால்தான் மற்றது உனக்கு விளங்கும்.

நாடு முழுக்க ஊரடங்கு வந்தது 2020 மார்ச் 20ஆம் திகதி. நம்முடைய புத்தளத்துக்கு அது இரண்டு நாள் முந்தியே வந்துவிட்டது. களப்புப் பக்கம் தோணி இறங்கவில்லை, வெங்காயம் ஏற்ற லொறி வரவில்லை. நீ அப்போது சின்னப்பிள்ளை, பள்ளிக்கூடம் இல்லாத சந்தோசம்தான் நினைவிருக்கும். அந்தக் கிழமை நான் வேலை செய்த ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறைக்கு வெளியே இருந்த வாங்கு வெறுமையாகக் கிடந்தது. மோட்டார் சைக்கிள் விபத்துகள் குறைந்ததற்குக் காரணம் தெரியும், வீதியில் வண்டியே இல்லை. ஆனால் பக்கவாதமும் மாரடைப்பும் குடல்வால் அழற்சியும் ஊரடங்குச் சட்டம் பார்த்து நிற்கும் நோய்கள் இல்லையே. அந்த நோயாளர்கள் எல்லாரும் எங்கே போனார்கள்?

இது நமக்கு மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவில் 856 ஆஸ்பத்திரிகளில் பக்கவாதத்துக்காக எடுக்கும் மூளைப் படங்களைப் பகுத்துப் பார்க்கும் ஒரு மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. 2020 பெப்ரவரியோடு ஒப்பிட்டால், மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் அதில் பதிவான நோயாளர்கள் 39 சதவீதம் குறைந்துவிட்டார்கள். சர்வதேச அணுசக்தி முகவரகம் 108 நாடுகளில் 909 நிலையங்களைக் கேட்டுப் பார்த்தது. இதயத்துக்கான பரிசோதனைகள் 2019 மார்ச்சில் இருந்ததைவிட 2020 மார்ச்சில் 42 சதவீதமும், ஏப்ரலில் 64 சதவீதமும் குறைந்திருந்தன. நோய் குறைந்ததல்ல காரணம், வருவதற்கு ஆட்கள் பயந்ததும் ஒரு காரணம்.

எத்தாளைக்காரர் பயந்ததற்குக் காரணம் ஒன்றல்ல. இங்கிருந்து நுரைச்சோலை தாண்டி, பாலாவிச் சந்திக்குப் போய், அங்கிருந்து புத்தளம் போக வேண்டும். ஊரடங்கில் அந்தப் பாதையில் எத்தனை இடத்தில் நிறுத்துவார்கள், என்ன கேட்பார்கள் என்ற கலக்கம். போனால் தனிமைப்படுத்தல் முகாமுக்கு ஏற்றிவிடுவார்களோ என்ற கலக்கம். அதைவிடப் பெரியது ஜனாஸா பற்றிய பயம், மௌத்தானால் அடக்க விடமாட்டார்களே என்று. கொரோனாவில் மௌத்தானவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி வந்தது. அடக்க அனுமதி கிடைத்தது 2021 பெப்ரவரி கடைசியில். மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸா அடக்கப்பட்டது. இடையில் இருந்த அந்தப் பத்து மாதமும், நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லவே வயதானவர்கள் யோசித்தார்கள். உன் பாடப் புத்தகத்தில் இது இருக்காது. எக்ஸ்ரே அறைக்கு வரும் பாதை ஆஸ்பத்திரி வாசலில் தொடங்குவதில்லை, வீட்டு வாசலில் தொடங்குகிறது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

அந்த 2020 ஏப்ரலில் ஒரு மீன்பிடிக்காரரைக் கொண்டுவந்தார்கள். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டு மூன்றாம் நாள். "கை மரத்துப்போச்சு என்றார், வெயில் என்று நினைத்தோம்" என்றாள் மகள்காரி. தலையை சீ.டி. ஸ்கேன் எடுத்தோம். மூளையின் இடது பக்கம் ஒரு பெரிய கறுப்புத் திட்டு, ஓரம் வெட்டினது போலத் தெளிவாகத் தெரிந்தது.

இதை நன்றாக மனதில் வை. இரத்தக் குழாய் அடைத்த பக்கவாதத்தில் முதல் சில மணித்தியாலங்களில் எடுத்த சீ.டி. படத்தில் அநேகமாக ஒன்றும் பெரிதாகத் தெரியாது. நாம் அப்போது தேடுவது அடைப்பை அல்ல, இரத்தக் கசிவை. கசிந்த இரத்தம் வெள்ளையாகத் தெரியும். அது இல்லையென்று உறுதியானால்தான் அடைப்பைக் கரைக்கும் மருந்தை ஏற்றலாம், அதையும் நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். அந்த அடைப்பு நீடிக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் சுமார் 19 இலட்சம் நரம்புக் கலங்கள் அழிகின்றன. ஆகவே அவசர சிகிச்சையில் நல்ல படம் என்பது கறுப்புத் திட்டு இன்னும் தெரியாத படம். தொற்றுக் காலத்தில் எங்களுக்குத் தெளிவான படங்கள் நிறையக் கிடைத்தன. வெடித்த குடல்வால், சீழ் கட்டிய வயிறு, செத்துப்போன மூளைப் பகுதி. படம் தெளியத் தெளிய எங்களுக்கு மனம் கனத்தது.

இனி, வந்தவர்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். முன்பென்றால் தள்ளுவண்டியில் ஒருவர் வருவார், படம் எடுப்போம், அடுத்தவர். பத்து நிமிட வேலை. கொரோனா வந்ததும் ஒருவருக்கு இரண்டு பேர் நிற்க வேண்டியதாயிற்று. ஒருவர் நோயாளியை மட்டும் தொடுவார், மற்றவர் இயந்திரத்தை மட்டும். படம் பதியும் கசெட்டைப் பொலித்தீன் பைக்குள் இட்டு, எடுத்த பிறகு பையைக் கழற்றி எறிந்து, கசெட்டைத் துடைப்போம். பாதுகாப்பு உடுப்பும் ஈயக் கவசமுமாக நின்றால் பத்து நிமிடத்தில் கண் காப்புக் கண்ணாடியில் மூச்சாவி படிந்துவிடும், வியர்வை காலுறைக்குள் இறங்கும். அதற்குப் பிறகு காற்று. அறையின் காற்று மணிக்கு ஆறு தடவை மாறுமானால், மிதக்கும் துகளில் 99 சதவீதம் வெளியேற 46 நிமிடம் வேண்டும். பன்னிரண்டு தடவை மாறினால் 23 நிமிடம் போதும். இது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தின் கணக்கு. எத்தனை தடவை மாறுகிறது என்று அளந்தே பார்க்காத பழைய அறைகளில் யன்னலைத் திறந்துவிட்டுக் காத்திருந்தோம்.

வசதியான நாடுகளில் கொரோனாவுக்கு ஒரு ஸ்கேனர், மற்றவர்களுக்கு ஒரு ஸ்கேனர் என்று பிரித்துவிட்டார்கள். ஒரே இயந்திரம் உள்ள இடத்தில் அறையைப் பிரிக்க முடியாது, நேரத்தைத்தான் பிரிக்கலாம். சந்தேக நோயாளியை எடுத்து, துடைத்து, காற்றுக்குக் காத்திருக்கும்போது தலையில் அடிபட்ட ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யாராவது வாசலில் நின்றால் என்ன செய்வது? நாங்கள் பிள்ளையைத்தான் உள்ளே எடுத்தோம், முகக்கவசம் போட்டு. அந்தத் தீர்மானத்துக்காக இன்றுவரை நான் வருந்தவில்லை.

கூடிய மட்டும் நோயாளியை அசைக்காமல், சக்கரம் வைத்த எக்ஸ்ரே இயந்திரத்தை வார்ட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அமெரிக்காவின் சியாட்டிலில் தனியறைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே இயந்திரத்தை நிறுத்தி, கண்ணாடியூடாகவே நெஞ்சுப் படம் எடுத்தார்கள். நல்ல யோசனை. ஆனால் கட்டிலில் எடுக்கும் படத்தில் கதிர் முன்னாலிருந்து போகிறது, கசெட் முதுகுக்குக் கீழே இருக்கிறது. இதயம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும், மூச்சை முழுதாக இழுக்க முடியாதவரின் நுரையீரல் அடி மங்கலாகும். அப்படி எடுத்த படத்தில் எப்படி எடுத்தோம் என்று குறிக்காமல் விட்டால், வாசிக்கிற டொக்டர் இல்லாத இதய வீக்கத்தைக் காண்பார். நீ ஒருநாளும் குறிக்க மறக்காதே.

இன்னொரு அதிர்ச்சி எதிர்பாராத பக்கமிருந்து வந்தது. வயிற்று வலி என்று வந்தவருக்கு வயிற்றை ஸ்கேன் எடுத்தால், மேல் ஓரத்தில் நுரையீரலின் அடிப்பகுதியும் கொஞ்சம் விழும். அங்கே மங்கின கண்ணாடி போல வெண்மை. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, வயிறுதான் நோகிறது. உலகெங்கும் எத்தனையோ பேரின் கொரோனா இப்படித்தான் முதலில் அகப்பட்டது. எங்களிடம் வந்த அப்படி ஒருவரின் படத்தை நான் திரையில் பார்த்தபோது அவரைத் தூக்கிக் கிடத்திய சிற்றூழியர் சாதாரண முகக்கவசத்தோடு பக்கத்தில் நின்றார். அன்று முதல் எந்த நோவோடு வந்தாலும் நுரையீரல் அடியை முதலில் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

அப்படியானால் எல்லாருக்கும் நெஞ்சை சீ.டி. எடுத்துவிட்டால் என்ன என்று கேட்பாய். சீனா கிட்டத்தட்ட அதைச் செய்தது. 2020 பெப்ரவரி 12 அன்று ஹூபெய் மாகாணம் படத்தைக் கொண்டே நோயாளியைக் கணக்கில் எடுக்கத் தொடங்கியதில் ஒரே நாளில் 14,840 பேர் சேர்ந்தார்கள். பீ.சீ.ஆர். பரிசோதனை போதாத நேரம், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வூஹானில் 1,014 பேரை வைத்து நடந்த ஆய்வில், பீ.சீ.ஆரில் நோய் உண்டென்று வந்த 601 பேரில் 580 பேரைப் படமும் பிடித்துவிட்டது. ஆனால் பீ.சீ.ஆர். இல்லையென்று சொன்ன 413 பேரில் 308 பேரையும் படம் சந்தேகித்தது. அவர்களில் சிலர் பரிசோதனைக்குத் தப்பிய உண்மையான நோயாளிகளாக இருக்கலாம், மற்றவர்களுக்கு வேறு நியுமோனியா. நுரையீரல் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் படம் சொல்லும், எந்தக் கிருமி என்று பெயர் சொல்லாது. மார்ச் 11ஆம் திகதியே அமெரிக்கக் கதிரியல் கல்லூரி, நோயைத் தேடிப் பிடிக்க சீ.டி.யை முதல் பரிசோதனையாக்க வேண்டாம் என்றது. ஜூனில் உலக சுகாதார நிறுவனமும், அறிகுறி இல்லாதவர்களைக் கண்டுபிடிக்க நெஞ்சுப் படம் வேண்டாம் என்றது.

ஆனாலும் 2021இல் இந்தியாவின் இரண்டாம் அலையில், நுரையீரல் பாதிப்பு 25க்கு எத்தனை என்று சீ.டி. புள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு சனம் அலைந்தது. தமிழ்நாட்டிலும் அதே கதை. ஒரு சீ.டி. 300, 400 நெஞ்சு எக்ஸ்ரேக்குச் சமம் என்று டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் அப்போதைய இயக்குநர் ரந்தீப் குலேரியா மே மாதம் எச்சரித்தார். புதிய இயந்திரங்களுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது என்று இந்தியக் கதிரியல் மருத்துவர் சங்கம் மறுத்தது. கணக்கில் அவர்கள் பிணங்கட்டும். என் கவலை வேறு. லேசான காய்ச்சல்காரர் பத்துப் பேர் ஸ்கேனர் முன்னால் வரிசையில் நிற்கும்போது, பதினோராவதாக வரும் பக்கவாதக்காரரின் நாலரை மணித்தியாலம் கரைந்துகொண்டிருக்கிறது.

நோய் ஆஸ்பத்திரிக்குள் வராமலேயே அறையை முடக்கவும் முடியும். 2022 ஏப்ரலில் ஷங்காய் நகரம் முடக்கப்பட்டதில் ஜீ.ஈ. நிறுவனத்தின் தொழிற்சாலை நின்றது. இரத்தக் குழாய் தெரிவதற்கு நாம் ஊசியில் ஏற்றும் சாய மருந்தை அந்த நிறுவனம் அங்கே பெருமளவில் உற்பத்தி செய்தது. அமெரிக்க ஆஸ்பத்திரிகளே சொட்டுக் கணக்கில் பங்கிட்டுக் கொடுத்தன. நுரையீரல் குழாயில் இரத்தக் கட்டி தேட அந்த மருந்து வேண்டும், கொரோனாவோ இரத்தத்தைக் கட்டியாக்கக்கூடிய நோய். நமக்கு அது டொலர் இல்லாமல் மருந்துக்கும் எண்ணெய்க்கும் வரிசையில் நின்ற வருசம்.

படிப்பில் இயந்திரத்தைப் பற்றி நிறையச் சொல்லித் தருவார்கள், நன்றாகப் படி. லீவுக்கு ஊருக்கு வரும்போது உன்னால் ஆகவேண்டிய ஒரு வேலை இருக்கிறது. முகம் ஒரு பக்கம் கோணினால், கை தூக்க முடியாவிட்டால், பேச்சுக் குழறினால் வெயில் என்று படுக்கப் போடக் கூடாது என்று நம் பெண்களிடம் வீடு வீடாகச் சொல்லு. சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை, 1990க்கு அழைத்தால் போதும். முதலில் அந்த இலக்கத்தை உன் உம்மாவின் குசினிச் சுவரில் பெரிதாக எழுதிவிட்டுப் போ.

அன்புடன்,
மாமா