மேற்கே கறுத்தால்: மலையடி ஊர்களுக்கு ஒரு கோடைமழை ஆலோசனை

கிரிவலம் போகிற திருவண்ணாமலைக்காரர்கள் இதைப் படித்துக் குழம்ப வேண்டாம். இது ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில், குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள் நிற்கிற நம்ம திருவண்ணாமலைக்கும், அங்கே தொடங்கி ராஜபாளையம், சேத்தூர், தேவதானம் வரை மலையடியை ஒட்டிக் கிடக்கிற ஊர்களுக்கும் எழுதுவது.

அக்கினி நட்சத்திரமும் மழையும் சேர்ந்தே வருகிற நாட்கள் இவை. காலையில் மண்டையைப் பிளக்கிற வெயில், மதியம் கசகசவென்று புழுக்கம். மூன்று மணி தாண்டினால் மேற்கே மலைக்குப் பின்னால் மேகம் கட்ட ஆரம்பித்துவிடும். கடல் ஈரத்தைச் சுமந்து வருகிற காற்று மலையில் முட்டி மேலேறுகிறது. காய்ந்த தரையின் சூடும் அதைத் தூக்கிவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் இடியும் சூறைக்காற்றுமாக இறங்கிவிடும். ஐப்பசி அடைமழைக்கு ஒரு நிதானம் உண்டு, இதற்குக் கிடையாது. பெய்வதற்கு முந்தைய அரை மணி நேரத்தில்தான் சேதமெல்லாம். பெய்து முடிந்த இரண்டு நாளில்தான் லாபமெல்லாம். நம்மில் பலர் அந்த அரை மணியில் ஓடியாடிவிட்டு, அந்த இரண்டு நாளும் திண்ணையில் உட்கார்ந்து மழையைப் புகழ்ந்துகொண்டிருக்கிறோம்.

முதலில் காற்று. சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் போனால் தெரியும்: வெளுத்த பேண்டேஜ் துணி வெள்ளை வெளேரென்று நீள நீளமாகக் காய்ந்துகொண்டிருக்கும். மேற்கே கறுத்ததும் யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள். இரண்டிரண்டு பேராக ஆளுக்கொரு முனையைப் பிடித்துச் சுருட்டத் தொடங்கிவிடுவார்கள். முதல் புழுதி கிளம்புவதற்குள் பாதித் துணி உள்ளே போயிருக்கும். வீட்டிலும் அந்தச் சுறுசுறுப்பு வேண்டும். மாடியில் சும்மா சாத்தி வைத்திருக்கிற தகரம், பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஓடு, தண்ணீர்த் தொட்டி மூடி எல்லாவற்றையும் இன்றைக்கே கட்டுங்கள், இல்லாவிட்டால் கீழே இறக்குங்கள். போன வருஷம் நான் "நாளைக்குப் பார்ப்போம்" என்று விட்ட ஒரு தகரம் பக்கத்துத் தெருவில் மின்கம்பியின் மேல் போய்த் தொங்கியது. ஒரு ராத்திரி முழுக்க இரண்டு தெருவும் இருட்டு. இன்னும் சிலர் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

கம்பி அறுந்து கிடந்தால் பக்கத்தில் போக வேண்டாம், குச்சியால் தள்ளிப் பார்க்கவும் வேண்டாம். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. மழையில் நனைந்துகொண்டே மோட்டார் ரூமுக்கு ஓடி ஸ்டார்ட்டரைத் தொடுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். மேகம் கட்டும்போதே மோட்டாரை நிறுத்திவிட்டு வீடு வந்து சேருங்கள்.

இடிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும் வரை எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் உங்களை எட்டுகிற தூரத்தில் இருக்கிறது; காட்டை விட்டு வீட்டுக்கோ, கண்ணாடி ஏற்றிய காருக்கோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி கழித்துத்தான் வெளியே வர வேண்டும். புளியமரத்தடியும் ஒற்றைப் பனையடியும் ஒதுங்குகிற இடமல்ல. ஆடு மாடுகளையும் மரத்தில் கட்டாதீர்கள்.

அடுத்தது ஓடை. வெளியூர் விருந்தாளிகளோடு செண்பகத்தோப்புக்கும் அய்யனார் கோவில் ஆற்றுக்கும் சாஸ்தா கோவிலுக்கும் படையெடுக்கிற விடுமுறைக் காலம் இது. ஆற்றில் நிற்கும்போது தலைக்கு மேல் வெயில் அடிக்கும். மழை மேலே மலைக்குள் பெய்துகொண்டிருக்கும். தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, ஒரு இரைச்சல் கேட்டாலோ செருப்பைத் தேடாமல் கரையேறுங்கள். 2015 மே மாத அமாவாசைக்குச் சதுரகிரி போனவர்களைத் திடீர் வெள்ளம் அடித்து உயிர்கள் போனது இதே மலையில்தான். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் வெள்ளம் ஒரு பள்ளிப் பையனைக் கொண்டுபோனது. இரண்டும் கோடையில் நடந்தவை. வனத்துறை வழியை அடைத்தால் அடைத்ததுதான். சுற்றுப்பாதை தெரியும் என்று கூட்டிப் போகிறவரை நம்பாதீர்கள்.

இனி காடு கரை. மாந்தோப்புக்காரர்களுக்குத்தான் இந்த மழை வயிற்றில் புளியைக் கரைக்கும். சப்பட்டையும் பஞ்சவர்ணமும் பறிப்புக்கு நிற்கிற நேரம். விளைந்த காயைக் காம்போடு பறித்துவிடுங்கள். காற்றில் உதிர்ந்த காயை நல்ல காயோடு ஒரே கூடையில் போடுவதைப் போல் நஷ்டம் வேறில்லை. அடிபட்ட காய் இரண்டு நாளில் அழுகித் தன் பக்கத்துக் காயையும் சேர்த்துக் கெடுக்கும். அதைத் தனியே ஊறுகாய்க்குத் தள்ளுங்கள். புழு விழுந்த பழத்தை மரத்தடியில் விடாமல் இரண்டடி ஆழத்தில் புதையுங்கள், பழ ஈ பெருகுவது அதில்தான்.

தென்னையில் முதல் மழைக்குக் காண்டாமிருக வண்டு எருக்குழியிலிருந்து கிளம்பும். ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை ஐந்து லிட்டர் தண்ணீரில் கரைத்து, சின்ன மண்பானைகளில் ஊற்றித் தோப்பில் அங்கங்கே வையுங்கள். வண்டு அந்த வாடைக்கு வந்து விழும். தினமும் அள்ளிக் கொன்றுவிட வேண்டும். மறந்தால் விருந்து வைத்தது போலத்தான்.

அறுத்த நெல் களத்தில் கிடந்தால் தார்ப்பாய் பக்கத்திலேயே இருக்கட்டும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் திருப்பி விடுவார்கள். நனைந்த நெல்லைக் குவித்து மூடி வைக்காமல் காற்றாடப் பரப்புங்கள்.

உழவுக்கு வருவோம். சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று சொன்னவர்கள் டிராக்டர் வாடகை கொடுத்தவர்கள் இல்லைதான். ஆனாலும் சொன்னது சரி. மலையடிச் செம்மண்ணில் மழைக்கு மறுநாளே ஏர் பிடிக்கலாம். கரிசலில் அவசரப்பட்டால் மண் கொழுவில் அப்பி, கட்டி கட்டியாகக் காய்ந்துவிடும். காலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுங்கள். சரிவுக்குக் குறுக்கே உழுதால் அடுத்த மழைத் தண்ணீர் சாலிலேயே நிற்கும். மக்காச்சோளம் போட்ட நிலத்தைக் கட்டாயம் உழ வேண்டும். படைப்புழுவின் கூட்டுப்புழு மேல்மண்ணில் இரண்டு மூன்று அங்குலத்துக்குள்தான் கிடக்கும். புரட்டிப் போட்டால் பாதியை வெயில் பார்த்துக்கொள்ளும், மீதியைக் கொக்கும் மைனாவும் பார்த்துக்கொள்ளும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு போடுங்கள்.

வீட்டில் ஒரு வேலை பாக்கி. ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்த தொட்டிச் சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும். தண்ணீர் பட்டதும் பொரியும். கவிழ்த்து ஊற்றினால் போதாது, தேங்காய் நாரால் உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஆட்டுக்கல் குழி, டயர், பூந்தொட்டித் தட்டு எதையும் விடாதீர்கள்.

ஆடு வைத்திருப்பவர்கள் துள்ளுமாரித் தடுப்பூசி போட்டாயிற்றா என்று இந்த வாரமே கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். மழைக்குப் பின் முளைக்கிற பச்சைப் புல்லை ஆடு வெறிகொண்டு மேயும். துள்ளுமாரி வருவது அப்போதுதான், கொழுத்த ஆடுதான் முதலில் விழும். மேய்ச்சலுக்கு விடும் முன் கொஞ்சம் காய்ந்த தட்டை போட்டு அரை வயிறு நிரப்புங்கள். வறட்சியில் நின்று மழைக்குத் துளிர்த்த சோளக் கட்டைப் பக்கம் மாட்டை விடவே வேண்டாம், அந்தக் குருத்தில் விஷம் இருக்கிறது.