பூச்சியின் படமும் ஆட்டின் நோயும்

சிதம்பரம் வட்டத்துச் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தபோது, அங்கத்தினர் ஒருவர் தமது கைப்பேசியிலிருந்த படமொன்றை என்னிடம் காட்டினார். “அந்தியில் ஆட்டுக்கிடையை மொய்க்கும் பூச்சி இது. நீலநாக்கு நோயைப் பரப்புவது இதுதானா, ஐயா?” என்று வினவினார். சங்கக் கடனில் வாங்கிய ஆடுகள் அவருடையவை. கல்லூரியில் விலங்கியல் பயின்றவன் ஆயினும் என்னால் விடை கூற இயலவில்லை. படம் மங்கலாக இருந்தது, இறகே தெரியவில்லை. அவருக்குப் பின்னர் விளக்கியதையே ஈண்டு எழுதுகிறேன்.

நீலநாக்கு நோய் இந்தியாவில் முதன்முதலாக 1964-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. தமிழகத்தில் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி இது தோன்றுகிறது. கியூலிகாய்டிஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த சிறு பூச்சிகள் கடிப்பதாலேயே இந்நோய் பெரிதும் பரவுகிறது. சாணம் கலந்த சேற்றிலும் நீரோரத்து ஈரமண்ணிலும் இவை பெருகும். இரத்தம் குடிப்பவை பெண் பூச்சிகளே.

படத்தில் காணவேண்டிய அடையாளங்கள் மூன்று:

1. உடலின் நீளம் 1 முதல் 3 மில்லிமீட்டர் வரையே இருக்கும்.

2. அமர்ந்திருக்கையில் இறகுகள் கத்தரிக்கோலின் அலகுகளைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாக முதுகில் தட்டையாகப் படிந்திருக்கும். பெரும்பாலானவற்றின் இறகில் வெளிர்நிறப் புள்ளிகளும் கருமையான திட்டுகளும் காணப்படும்.

3. வாயுறுப்பு குட்டையானது, கொசுவினுடையதைப்போல் நீண்டதன்று.

விளக்கைச் சுற்றும் பூச்சிகளுள் கடிக்காத இனங்களும் உண்டு. அவற்றின் முன்கால்கள் நீண்டிருக்கும். இறகுகள் ஒன்றன்மேல் ஒன்று படியா. மணல் ஈயோ உடலெங்கும் மயிர் அடர்ந்தது. இறகுகளை மேல்நோக்கி விரித்து நிறுத்தி அமரும்.

நிற்க, படத்திற்கும் ஓர் எல்லை உண்டு. சேலையின் படத்தைக் கண்டு கட்டமா, கோடா என்று நம் நெசவாளர் உடனே கூறுவர். நூல் அறுபதாம் நம்பரா, எண்பதாம் நம்பரா என்று கேட்டால், இழையைக் கையில் எடுக்காமல் கூறுவரோ? அவ்வாறே, நல்ல படம் பேரினத்தை உணர்த்தும். இன்ன இனம் என்று துணிய, பெரும்பாலும் பூச்சியை உருப்பெருக்கியின்கீழ் வைத்தே பார்க்கவேண்டும். அது நச்சுயிரியைத் தாங்கியுள்ளதா என்பதை எந்தப் படமும் கூறாது.

ஆகவே, பூச்சியைப் பிடித்து வெள்ளைத்தாளில் இட்டு, அருகில் அளவுகோலை வைத்து, நல்ல வெளிச்சத்தில் மேலிருந்து ஒரு படமும் பக்கவாட்டில் ஒரு படமும் எடுங்கள். பின்னர்ப் பூச்சியை எறிந்துவிடாமல், எரிசாராயம் இட்ட சிறு குப்பியில் போடுங்கள். இடம், நாள், நேரம் ஆகியவற்றைப் பென்சிலால் ஒரு துண்டுத்தாளில் எழுதி, அதனையும் குப்பிக்குள் இடுங்கள். மையால் எழுதினால் கரைந்துவிடும். படத்தையும் குப்பியையும் கால்நடை மருத்துவரிடம் சேர்ப்பியுங்கள்.

ஆனால் ஆட்டுக்குக் காய்ச்சல் கண்டு, உதடும் முகமும் வீங்கி, வாயில் புண் தோன்றி, நடை நொண்டுமாயின், படத்திற்காகக் காத்திராதீர். அன்றே மருத்துவரை அழையுங்கள். ஐந்து வகை நச்சுயிரிகளுக்கு எதிரான தடுப்பூசி நம் நாட்டில் உருவாக்கப்பட்டுள்ளது. மழைக்காலத்திற்கு முன்பே அதுபற்றி மருத்துவரிடம் கேட்டறிதல் நன்று. கிடையைச் சேற்றிலிருந்து விலக்கி, மேட்டு நிலத்தில் அமைப்பதும் நம் கையில் உள்ளது.

பூச்சியை அறிவது ஆட்டைக் காக்கவே. ஆடு பிழைத்தால்தான் கடனும் அடையும், குடும்பமும் தழைக்கும்.