மாசம் ஒரு வகை: வாசிப்புக் குழுவுக்கு அக்காவோட டிப்ஸ்

உங்க அபார்ட்மென்ட் வாசிப்புக் குழுவுல "மாசம் ஒரு வகை, அதுவும் இதுவரைக்கும் தொடாத வகை"ன்னு சவால் வெச்சிருக்கீங்களாமே. நல்ல காரியம்டி. ஆனா இந்த மாதிரி சவாலெல்லாம் பாதியிலேயே படுத்துடறது வழக்கம். ஆர்வம் குறைஞ்சு போறதால இல்ல. ஒவ்வொரு வகையிலயும் முதல்ல கையில எடுக்குற புத்தகம் தப்பா அமைஞ்சுடும். யாரோ மேதாவி சொன்னாருன்னு ஒண்ணை எடுப்பீங்க, மூச்சு முட்டும், "இந்த வகையே நமக்கு ஒத்து வராது"ன்னு தீர்ப்பு எழுதிடுவீங்க.

அதனால உங்களுக்கு ஏற்கெனவே பிடிச்ச ஏதோ ஒண்ணு உள்ளே இருக்குற புத்தகமாப் பார்த்து எடு. தொடர்கதை படிச்சுப் பழகின கூட்டம்தானே நீங்க? அறிவியல் புனைவுன்னா சுஜாதாவோட 'என் இனிய இயந்திரா'ல ஆரம்பிங்க. 1980-கள்ல ஆனந்த விகடன்ல தொடரா வந்தது. அத்தியாயம் முடியற இடத்துல மூடி வைக்க மனசு வராது. கதை நடக்கறது 2021-ல. குழந்தை பெத்துக்க அரசாங்கத்துக்கிட்ட அனுமதி வாங்கணும், பேரு ரெண்டெழுத்துக்கு மேல இருக்கக் கூடாது. அந்த வருஷத்தைத்தான் நாம தாண்டியாச்சே! அவர் நினைச்சதுல எது நடந்துச்சு, எது நடக்கலன்னு பேச்செடுத்தா ஒரு சாயங்காலம் பத்தாது.

தன்வரலாறுன்னதும் எல்லாரும் உ.வே.சா.வோட 'என் சரித்திரம்' பேரைச் சொல்வாங்க. அருமையான புத்தகம்தான், ஆனா தலைக்கு வெச்சுப் படுக்கலாம், அவ்வளவு தடி. முழுசாப் படிச்சே ஆகணும்னு விதி போடாதே. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்டப் பாடம் கேட்ட பகுதியை மட்டும் எடுத்துக்கோங்க. 1940-ல விகடன்ல எழுத ஆரம்பிச்சவர் 1942-ல காலமாயிட்டார். அவரே முடிக்காத புத்தகத்தை நீங்க முடிக்கலன்னா கோவிச்சுக்க மாட்டார். இதுவும் பயமா இருந்தா பாமாவோட 'கருக்கு' இருக்கு, 1992-ல வந்தது. பேச்சு வழக்குலயே போகும், சின்னதும்கூட. ஆனா படிச்ச பிறகு பேச நிறைய நேரம் ஒதுக்கு.

இப்போ விதிமுறை. 50 பக்கம் வரைக்கும் பார்க்கலாம், பிடிக்கலன்னா விட்டுடலாம். ஆனா விட்டவங்க கூட்டத்துக்குக் கட்டாயம் வரணும், எந்தப் பக்கத்துல விட்டோம், ஏன் விட்டோம்னு சொல்லணும். பிடிக்காதவங்கதான் முதல்ல பேசணும். பிடிச்சவங்க முதல்ல ஆரம்பிச்சா மத்தவங்க மரியாதைக்குத் தலையாட்டிட்டு பஜ்ஜி சாப்பிட்டுப் போயிடுவாங்க. பஜ்ஜின்னதும் ஞாபகம் வருது: பலகாரமே வேண்டாம். யார் வீட்டுல கூட்டமோ அவ பாவம், அடுப்படியிலயே நிப்பா. டீ போதும்.

செலவுக்குப் பயந்து யாரும் விலகிடக் கூடாது. மாவட்ட மைய நூலகத்துல ஆளுக்கொரு உறுப்பினர் அட்டை வாங்கிடுங்க. பழைய நூல்கள் நிறைய மதுரைத் திட்டம் தளத்துல இலவசமாவே கிடைக்குது. 1998-ல இருந்து தன்னார்வலர்களே ஏத்திட்டு வர்றாங்க. இப்ப எழுதிட்டு இருக்கறவங்களோட பிடிஎஃப்பை மட்டும் வாட்ஸ்அப்ல சுத்த விடாதே, அசிங்கம்.

பயண நூலுக்கு சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதின 'நடந்தாய் வாழி காவேரி'. கவிதைக்குத் தொகுப்பு வேண்டாம், ஆளுக்கு ஒரு கவிதை கொண்டு வந்து படிச்சா போதும். காமிக்ஸைப் "பசங்க சமாச்சாரம்"னு ஒதுக்காதீங்க. உங்கள்ல யாரோட அப்பாவாவது 1972-ல வந்த முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யைப் பொக்கிஷமா வெச்சிருக்கலாம், கேட்டுப் பாருங்க.

நாடகத்தை மட்டும் தனியா உக்காந்து படிக்காதீங்க. சப்புன்னு இருக்கும். பாத்திரங்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரிச்சுக்கிட்டு, கூட்டத்துலயே சத்தம் போட்டுப் படிங்க. நான் சிபாரிசு பண்றது இந்திரா பார்த்தசாரதியோட 'ஔரங்கசீப்'. ஷாஜஹானுக்கு அப்புறம் சிம்மாசனம் யாருக்குங்கற சண்டையில அக்கா ஜஹனாரா தாரா பக்கம், தங்கச்சி ரோஷனாரா ஔரங்கசீப் பக்கம். அந்த மாசம் எனக்கும் சொல்லி அனுப்பு, பஸ் பிடிச்சு வந்துடறேன். ஜஹனாரா எனக்கு, சீட்டெல்லாம் குலுக்க வேண்டாம்.