மூக்கு ஸ்பிரேயை நேராக அடிக்காதீர்கள்: மகரந்த ஒவ்வாமைக்கு ஒரு வழிகாட்டி

மழை விட்டதும் காலி மனைகளில் பார்த்தீனியம் வெள்ளையாகப் பூத்து நிற்கும். அதே நாட்களில் உங்களுக்கு அடுக்குத் தும்மலும் வந்தால், ஆன்டிபயாடிக் கேட்டு மெடிக்கலுக்கு ஓடாதீர்கள்.

1. சளியா, ஒவ்வாமையா என்று பாருங்கள். சாதாரணச் சளி பெரும்பாலும் பத்து நாளுக்குள் அடங்கிவிடும். மகரந்த ஒவ்வாமை வாரக்கணக்கில் இழுக்கும். காய்ச்சல் இருக்காது, கண், மூக்கு, மேலண்ணம் எல்லாம் அரிக்கும், மூக்கு தண்ணீராக ஒழுகும். எந்த மாதம், எந்த இடத்தில் வந்தது என்று காலண்டரில் குறித்து வையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

2. மல்லிகை மேல் பழி போடாதீர்கள். அதன் மகரந்தம் பூச்சிகளோடு போவது. காற்றில் பறந்து வருபவை புல், பார்த்தீனியம், சீமைக் கருவேலம் போன்றவற்றின் மகரந்தங்கள்.

3. மருத்துவர் ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே எழுதித் தந்தால் முறையாக அடியுங்கள். பலரும் தவறுவது இங்கேதான். தலையை அண்ணாந்து, நேராக மேலே அடித்து, 'சர்ர்' என்று உறிஞ்சுகிறார்கள். மருந்து தொண்டைக்குப் போய்விடுகிறது. முதலில் மூக்கைச் சிந்துங்கள். பாட்டிலைக் குலுக்குங்கள்; புதிதென்றால் புகைபோல வரும்வரை வெளியே அடித்துப் பாருங்கள். தலையைச் சற்று முன்னால் குனியுங்கள். இடது துளைக்கு வலது கை, வலது துளைக்கு இடது கை. கை மாறினாலே முனை தானாக வெளிப்பக்கம், காதை நோக்கித் திரும்பும். நடுச்சுவரில் அடித்தால் எரிச்சலும் ரத்தக்கசிவும் வரும். அடிக்கும்போது மெதுவாக மூச்சிழுத்தால் போதும்.

தும்மல் வந்த அன்று மட்டும் அடித்துவிட்டு, 'கேட்கவில்லை' என்று தூக்கிப் போடுவது அடுத்த தவறு. முழுப் பலன் தெரியச் சில நாட்கள், சிலருக்கு இரண்டு வாரம்கூட ஆகும். சீசனுக்கு முன்பே மருத்துவரைக் கேட்டுத் தொடங்கி, தினமும் அடியுங்கள்.

4. அடைப்பை நொடியில் திறக்கும் சைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின் சொட்டு மருந்துகள் வேறு வகை. சில நாளுக்கு மேல் தொடர்ந்தால் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். இந்த நாள் கணக்கில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

5. உப்புநீரால் மூக்கைக் கழுவுவதானால் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர்தான். குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

6. வெளியே போனால் மாஸ்க், வந்ததும் குளியல். சீசனில் துணியை வீட்டுக்குள் உலர்த்துங்கள்.

7. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் வேரோடு பிடுங்க வேண்டும். ஒவ்வாமை உள்ளவர் அந்த வேலைக்குப் போக வேண்டாம். மற்றவர்களும் கையுறை போடுங்கள், தொட்டாலே தோல் தடிக்கலாம்.

இளைப்போ, நெஞ்சு இறுக்கமோ, இரவில் இருமலோ சேர்ந்தால் ஆஸ்துமாவாக இருக்கலாம். மூச்சுவிடவே திணறினால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.