வெள்ளீயமா, காரீயமா? செம்புக் குழாயில் வால்வு பற்றவைக்கும் அறிவியல்

சமையலறைத் தொட்டிக்குக் கீழே எட்டிப் பாருங்கள். செம்புக் குழாயும் பித்தளை வால்வும் சேரும் இடத்தில் வெள்ளி நிற வளையம் தெரிகிறதா? அதுதான் பற்றாசு. பிளம்பர்கள் 'சோல்டர்' என்பார்கள். பல ஆண்டுகள் நீரழுத்தத்தைத் தாங்கும் அந்த இணைப்பு எப்படி உருவாகிறது?

திரியில் ஏறும் எண்ணெய் போல

குழாய்க்கும் வால்வின் வாய்க்கும் இடையே உள்ள இடைவெளி ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான். அகல்விளக்கின் திரியில் எண்ணெய் ஏறுகிறது அல்லவா? அதே நுண்புழை ஈர்ப்பினால் உருகிய பற்றாசு அந்த இடைவெளிக்குள் தானாகவே ஓடும், மேல்நோக்கியும் ஏறும்.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவது, சுத்தம். செம்பின் மேல் படிந்த ஆக்சைடு படலத்தில் பற்றாசு ஒட்டாது. அதை உப்புத்தாளால் தேய்த்து நீக்கி, மீண்டும் படியாமலிருக்க ஃபிளக்ஸ் பசையைப் பூசுவார்கள்.

இரண்டாவது, சூடு. பற்றாசை உருக்க வேண்டியது சுடர் அல்ல, உலோகத்தின் சூடு. தடித்த வால்வு மெதுவாகவே சூடேறும் என்பதால் அதன் வாய்ப்பகுதியில் அதிக நேரம் சுடரைக் காட்டுவார்கள். பிறகு சுடர் படாத எதிர்ப்பக்கத்தில் பற்றாசுக் கம்பியைத் தொடுவார்கள். அங்கே உருகினால் சூடு போதும் என்று பொருள். கம்பியை நேரே சுடரில் காட்டினால், அது வெளியே சொட்டி உறையும், இடைவெளிக்குள் புகாது.

பால் வால்வாக இருந்தால் கவனம் தேவை. உள்ளே இருக்கும் டெஃப்லான் வளையம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். அதற்கு முன்பே இளகிவிடும். எனவே வால்வைத் திறந்து வைத்து, நடுப்பகுதியில் சுடர் படாமல் பார்த்துக்கொள்வார்கள்.

ஒரு தேக்கரண்டி நீர்

குழாயில் சிறிது நீர் தங்கினாலும் வேலை கெடும். 100 கிராம் செம்பை 30 டிகிரியிலிருந்து 230 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 8 கிலோஜூல் போதும். ஆனால் 5 கிராம் நீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்க ஏறத்தாழ 13 கிலோஜூல் தேவை! நீர் வற்றும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டுவது கடினம். வெளியேறும் நீராவியும் பற்றாசில் ஊசித்துளை போடும்.

பெயரில் உள்ள ஆபத்து

தமிழில் 'ஈயம் பற்றவைத்தல்' என்கிறோம். ஆனால் ஈயம் இரண்டு வகை. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம், நஞ்சாவது காரீயம். இரண்டும் கலந்த பழைய பற்றாசு 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். வெள்ளீயமும் செம்பும் கலந்ததற்கு 227 டிகிரியாவது வேண்டும். வேலை எளிது என்று காரீயக் கலவையை நாடினால் விளைவு என்ன?

2015இல் ஹாங்காங்கில் 11 பொது வாடகைக் குடியிருப்புப் பேட்டைகளின் குடிநீரில், உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவான லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைவிட அதிகக் காரீயம் கண்டறியப்பட்டது. காரணம், குழாய் இணைப்புகளில் இருந்த காரீயப் பற்றாசு. காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை.

உங்கள் வீட்டில் குழாய் வேலை நடந்தால் உரிமம் பெற்ற பிளம்பரையே அழையுங்கள். பற்றாசுச் சுருளின் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். 'காரீயமற்றது' என்ற குறிப்பு இருக்கவேண்டும். மின்கம்பிகளுக்கான பற்றாசு குடிநீர்க் குழாய்க்கு ஆகாது. வேலை முடிந்ததும் சில நிமிடங்கள் நீரைத் திறந்துவிட்டு, எஞ்சிய பசையை வெளியேற்றிய பிறகே குடியுங்கள்.